ஒரு கைத்துப்பாக்கி, 64 நாட்கள், ஒரு தூக்குக்கயிறு: மலேயா கணபதியை நாம் ஏன் படிக்க வேண்டும்?

1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாகவே கப்பலேறி சிங்கப்பூர் போனவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலேயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானவர். அந்தக் கூட்டமைப்பில் சீனர், தமிழர் என்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அவர்மீது கொலைக் குற்றச்சாட்டு இல்லை. யாரையும் சுட்டார் என்று அரசுத் தரப்பு சொல்லவும் இல்லை. கையில் ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் இருந்தன என்பதே வழக்கு. மார்ச் 1-இல் ரவாங் அருகே கைது. மார்ச் 15-இல் மரண தண்டனை. மே 4-இல் தூக்கு. கைதிலிருந்து கயிறு வரை 64 நாட்கள்.

தலித் அரசியல் பேசும் நாம் இதை ஏன் எழுத வேண்டும் என்று இளம் தோழர்கள் சிலர் கேட்கலாம். கணபதி தலித் தலைவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் தலைமை தாங்கிய சங்கம் யாருடைய முதுகெலும்பை நிமிர்த்தியது என்று பார்த்தால் காரணம் புரியும். ஓர் அரசு யாருடைய உயிரை எவ்வளவு வேகத்தில் எடுக்கிறது, யாருடைய குற்றத்தை எவ்வளவு பொறுமையாக மன்னிக்கிறது என்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

கப்பலேறியவர்கள் யார்?

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போன காலம் அது. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் ஊருக்கு வருவார்கள். அவர்கள் நேராகப் போனது சேரிக்கும், நிலமில்லாதவர்களின் குடிசைகளுக்கும்தான். மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். பண்ணையாரின் கடனும் சவுக்கும் ஒரு பக்கம் துரத்த, கங்காணியின் முன்பணம் மறுபக்கம் இழுத்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும் இதே மக்கள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றப்பட்டார்கள். கொடி வேறு, மொழி வேறு. கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்கள் ஒரே மக்கள்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. தோட்டத்து லயத்தில் அது மறுபடியும் குடியேறியது. ஆதிக்க சாதிக்கு ஒரு வரிசை, 'மற்றவர்களுக்கு' ஒரு வரிசை என்று லயங்கள் பிரிந்தன. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, எல்லோருக்கும் கீழே பால் மரம் வெட்டுகிற கூலி. இந்த ஏணி தஞ்சையின் ஏணியைப் போலவே இருந்ததால் துரைக்கு வேலை எளிதாயிற்று. தோட்டத்திலேயே கள்ளுக்கடை. கொடுத்த கூலியில் ஒரு பகுதி அதே வாரம் அங்கேயே திரும்பிவிடும்.

1941-இல் சிலாங்கூர் மாநிலம் கிள்ளான் பகுதியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றவர். அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை நாம் கட்டாயம் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்குப் பள்ளி. மருத்துவ வசதி. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. கள்ளுக்கடைகளை மூடுவது. சங்கம் வைக்கும் உரிமை. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

சைக்கிளிலிருந்து இறங்குவது! ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்ன ஊர்களை நாம் அறிவோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன தெருக்களையும் அறிவோம். அந்தக் கோரிக்கையை எழுதியவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி உயர்வு மட்டும் போதாது, மனிதர்களாக நடத்து என்று கேட்டார்கள். பதில் துப்பாக்கிச் சூடு. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவுக்குள் நுழைந்தது. வெல்லவே முடியாதவர்கள் என்று நம்பப்பட்ட வெள்ளைத் துரைகள் சில வாரங்களில் ஓடினார்கள். பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள். பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை. இன்னொரு பக்கம், லயத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நின்றவர்கள் முதல்முறையாக அணிவகுத்து நின்றார்கள். கணபதி அந்தப் படையிலிருந்து வந்தவர்.

போர் முடிந்து 1945-இல் வெள்ளையர் திரும்பி வந்தபோது பழைய கூலி திரும்பி வரவில்லை. கெடாவில் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஏ.எம். சாமி 'தொண்டர் படை' கட்டினார். கள்ளுக்கடை மறியல்தான் அதன் முதல் வேலை. 1947-இல் பீடோங்கில் காவல்துறை தாக்கியதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். குடியை ஒழிக்கக் கூடியவர்களை அடித்து நொறுக்கிய அரசு அது. தொழிலாளி குடிக்காமல் இருந்தால் யோசிப்பான், யோசித்தால் சங்கம் சேர்வான் என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கொந்தளிப்பையெல்லாம் சேர்த்துக் கட்டிய அமைப்புதான் கணபதி தலைமையேற்ற கூட்டமைப்பு. கம்யூனிஸ்ட் கட்சியின் வழிகாட்டுதலில் அது இயங்கியது, அதை மறைக்க ஒன்றுமில்லை. சீனத் தொழிலாளியையும் தமிழ்த் தொழிலாளியையும் வேறுவேறு கூலி கொடுத்துப் பிரித்து வைத்திருந்த முதலாளிகளுக்கு, இருவரும் ஒரே மேடையில் நின்றது பெரிய அச்சம். அந்தச் சங்கத்துக்குத் தமிழர் ஒருவர் தலைவர் என்பது இன்னும் பெரிய அச்சம்.

சட்டமே ஆயுதமானபோது

1948 ஜூனில் நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். மாதத் தொடக்கத்தில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாக இணைய முடியாது, அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு வேலை செய்யாதவர் சங்கப் பொறுப்புக்கு வர முடியாது என்றது திருத்தம். மாத நடுவில் கூட்டமைப்பின் பதிவு போனது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் இரண்டரை லட்சம் பேரின் அமைப்பு சட்டவிரோதமாகிவிட்டது.

ஜூன் 16-இல் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-இல் மலேயாக் கூட்டரசு முழுவதும் அவசரநிலை. ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. கட்சி காட்டுக்குள் போய் ஆயுதப் புரட்சியில் இறங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியரை எதிர்க்கச் சொல்லி இதே கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் இறக்கித் தந்ததும் பிரிட்டன்தான். அவர்களின் தலைவர் சின் பெங்குக்கு விருது கொடுத்ததும் பிரிட்டன்தான்.

பிரிட்டன் ஏன் இவ்வளவு கடுமையாக நடந்தது? போரில் திவாலாகிக் கிடந்த பிரிட்டனுக்கு அன்று டாலர் ஈட்டித் தந்த பெரிய ஊற்று மலேயாவின் ரப்பரும் ஈயமும்தான். பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட போரை அவர்கள் 'போர்' என்று சொல்லவே இல்லை, 'அவசரநிலை' என்றார்கள். போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தராது என்பதைப் பலரும் காரணமாகச் சுட்டியிருக்கிறார்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 கிராமத்தவரைப் பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்றது. அதற்காக ஒரு சிப்பாய்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அவசரநிலை விதிகளில் ஒன்று, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரணம் என்றது. எதற்கு வைத்திருந்தாய், யாரையாவது சுட்டாயா என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமில்லை. நியாயமான காரணம் இருந்தால் அதைக் குற்றம்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி தற்செயலாகக் கிடைத்தது, காவல்துறையிடம் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது கணபதி தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை நம்புவதா வேண்டாமா என்பது இங்கே நம் பிரச்சினை இல்லை. அதை நம்பாவிட்டாலும், ஆயுதம் வைத்திருந்ததற்கு உயிரை எடுப்பது தண்டனையா பழிவாங்கலா என்பதே கேள்வி.

கணபதி தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய நாள், மே 3-இல், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான வீரசேனனை ராணுவம் சுட்டுக்கொன்றது. இரண்டு நாட்களில் இரண்டு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்கள்.

டெல்லியின் கண்ணீரும் டெல்லியின் கையும்

கணபதிக்காக இந்திய அரசு கருணை கேட்டது. பலனில்லை. இந்தத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1949 ஏப்ரல் இறுதியில் நேரு லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் இருந்தார். குடியரசான பிறகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 28-இல் வந்தது. அடுத்த வாரமே கணபதி தூக்கில். அன்று தமிழ்நாட்டில் கோபம் எழுந்தது. கலைஞர் கருணாநிதி 'கயிற்றில் தொங்கிய கணபதி' என்று ஒரு நூலே எழுதினார்.

வெள்ளையனின் கயிற்றுக்காக அழுத இந்திய ஆட்சி தன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது? 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது சுட்டார்கள். 22 பேர் இறந்தார்கள். பூட்டிய சிறைக்குள் இருந்தவர்கள் அவர்கள். 1950 மே மாதத் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரணியனும் மலேயா மண்ணில் சங்கம் கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்தான். மலேயாவில் நீதிமன்றம் என்று ஒன்றாவது நடந்தது. தஞ்சையில் அதுவும் இல்லை.

தஞ்சையில் அவர்கள் செய்த குற்றம் என்ன? பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மாவட்டம் அது. பி. சீனிவாச ராவ், களப்பால் குப்பு போன்றோர் அங்கே செங்கொடி ஏற்றினார்கள். களப்பால் குப்பு நம் மக்களிலிருந்து எழுந்த தலைவர். 1948-இல் திருச்சி சிறையில் இறந்தார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்த இயக்கம் அது. அடித்துப் பழகிய கைகளுக்கு இதைவிடப் பெரிய புரட்சி வேறு என்ன வேண்டும்?

ஒரே குற்றச்சாட்டு, மூன்று முடிவுகள்

சட்டம் தன் கடமையைச் செய்தது என்று சொல்பவர்களுக்காக இரண்டு வழக்குகளைச் சொல்கிறோம்.

முதலாவது, சம்பாசிவம் வழக்கு. இவரும் மலேயாத் தமிழர்தான். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மறுவிசாரணை நடத்தித் தூக்குத்தண்டனை கொடுத்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு குற்றச்சாட்டில் விடுவிக்கப்பட்டவரை, அதே குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து மறுபடி தண்டித்தது தவறு என்று 1950-இல் தண்டனை ரத்தானது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள். அந்தத் தமிழர் உயிரோடு இருந்ததால்தான் அந்தத் தீர்ப்புக்குப் பொருள் இருந்தது. 64 நாட்களில் முடிக்கப்பட்ட உயிருக்கு எந்த மேல்முறையீடும் பயன்படாது.

இரண்டாவது, லீ மெங் என்ற சீன இளம்பெண்ணின் வழக்கு. 1952-இல் ஈப்போவில் கைதானார். கையெறி குண்டு வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. மறுவிசாரணையில் மரண தண்டனை. உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்தார். பின்னாளில் அவர் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஆயுதம் வைத்திருந்ததாக மூன்று பேர். ஒருவர் தூக்கில், ஒருவர் விடுதலை, ஒருவருக்குக் கருணை. விதி ஒன்றாக இருந்தும் முடிவு மூன்றாகப் பிரிந்தது. காலம் கிடைத்ததா, வெளியே குரல் எழுந்ததா, ஆள்பவருக்கு அந்த நேரத்தில் எது வசதி என்பவையே முடிவு செய்தன. இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளைச் செங்கோட்டையில் நிறுத்தி, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக விசாரித்தார்கள். ஆயுள் தண்டனை விதித்தார்கள். நாடே கொதித்ததும் 1946 ஜனவரியில் அவர்களை வெளியே விட்டார்கள். அதே படையின் கூலிவீட்டுப் பிள்ளைகளுக்காக அப்படி எந்த நாடு கொதித்தது? அதே ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர்கள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதிகாரிகளுக்கு விடுதலை, தொழிலாளிகளுக்குக் கயிறு.

மலேயா அவசரநிலையில் 200-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அங்கே பழகிய கையைப் பிரிட்டன் கென்யாவில் நீட்டியது. மாவ் மாவ் எழுச்சியின்போது 1,090 ஆப்பிரிக்கர்கள் தூக்கிலேறினார்கள். கறுப்பு உடலும் கூலி உடலும் பேரரசுக்கு ஒரே விலை.

தூக்குமேடையின் சாதி

கணபதி தூக்கிலிடப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1949 ஜூன் 3-இல் அரசியல் நிர்ணய சபையில் மேல்முறையீடு பற்றி விவாதம் நடந்தது. மரண தண்டனை பெற்றவர் எல்லோருக்கும் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீட்டு உரிமை வேண்டுமா என்பது கேள்வி. அண்ணல் அம்பேத்கர் அங்கே சொன்னதன் சாரம் இது: அதைவிட மரண தண்டனையையே ஒழித்துவிடுவதைத் தான் ஆதரிப்பதாகச் சொன்னார். அகிம்சையை அறமாக ஏற்கும் நாட்டுக்கு அதுவே பொருத்தம் என்றார். நாடு இன்னும் அதைக் கேட்கவில்லை.

கேட்காததன் விலையை யார் கொடுக்கிறார்கள்? டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வின்படி, தூக்குக் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பிற்படுத்தப்பட்டோர், தலித், பழங்குடியினர், மதச் சிறுபான்மையினர். இந்திரா காந்தியின் அவசரநிலையில், 1975 டிசம்பர் 1 அன்று, ஐதராபாத்தில் தூக்கிலிடப்பட்ட பூமையாவும் கிஷ்டா கவுடும் தெலங்கானாவின் ஏழை உழவர் போராட்டத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இப்போது தராசின் மறுதட்டைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் பண்ணையாருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றத்துக்கு ஐயம் வந்தது. அதே இரவு ஆதிக்கத் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். பீகாரில் 1997 டிசம்பர் 1-இல் லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் 26 பேரை விடுவித்தது. அதே பீகாரில் ஆதிக்க சாதியினர் கொல்லப்பட்ட பாரா வழக்கில் தலித்துகள் உள்ளிட்டோருக்குத் தூக்கு உறுதியானது. தடா சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. 2017-இல்தான் குடியரசுத் தலைவர் அதைக் குறைத்தார்.

ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர் தலைவனுக்கு 64 நாட்களில் தூக்கு. 44 பேர் எரிந்த வழக்கில் ஐந்தாண்டு கழித்து விடுதலை. வேறு வேறு நாடு, வேறு வேறு ஆட்சி என்று சொல்லலாம். ஆனால் நீதிமன்றத்தின் ஐயம் யார் பக்கம் சாய்கிறது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மிராசுதாருக்கு வந்த 'சந்தேகத்தின் பலன்' கூலிக்கு வரவே வராது.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கடினமான கேள்விகள்

கணபதியைப் படிப்பது என்றால் அவர் போன பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது அல்ல. காட்டுக்குள் போன புரட்சி தோற்றது. அதற்கு அதிக விலை கொடுத்தவர்கள் தோட்ட மக்கள். சங்கத் தலைவர்கள் தூக்கிலும் சிறையிலும் நாடுகடத்தலிலும் போன பிறகு, அரசுக்கு ஏற்ற சங்கங்களே மிஞ்சின. கூலிப் பிள்ளைகள் அரசியல் பேச அஞ்சும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1956 நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசிய அண்ணல், இலக்கு சரியாக இருந்தாலும் வன்முறை வழி நிலைக்காது என்று எச்சரித்தார். நாம் அந்தப் பக்கம் நிற்கிறோம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சங்கம் என்ற அமைதி வழியை முதலில் அடைத்தது அரசு. காட்டுவழியைப் பற்றி அதன் பிறகுதான் பேச வேண்டும்.

இடதுசாரித் தோழர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. கணபதியின் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. கிள்ளானில் சுடப்பட்ட ஐந்து பேரின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? லயத்தின் கடைசி வரிசையில் இருந்தவர்களைத் 'தொழிலாளி' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால் அவர்கள் எந்தச் சேரியிலிருந்து கப்பலேறினார்கள் என்பது மறைந்துவிடும். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்றவனின் கோபத்தில் வர்க்கமும் இருந்தது, சாதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுவது நம் தலைமுறையின் வேலை.

இன்று, இங்கே

ஆலைத் தொழிலாளர்களின் ஊர் இது. 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 ஆலைத் தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தால்தான் எட்டு மணி நேர வேலை நமக்குச் சட்டமாக வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் மாலை போடுகிறோம். உழவர்கரையின் தெருக்களிலிருந்து அந்த ஆலைகளுக்கு நடந்துபோன தாத்தாக்களுக்கும், ரவாங் தோட்டத்தில் பால்வாளி தூக்கியவர்களுக்கும் வங்கக் கடல் ஒன்றே இடைவெளி. ஜூலை 30-ஐ நினைக்கும் நாம் மே 4-ஐயும் நினைக்க வேண்டும்.

ஆயுதச் சட்டம் இன்று வேறு உருவில் இருக்கிறது. ஊபா சட்டத்தில் பிணை கிடைப்பது அரிது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஆண்டுகள் கழிகின்றன. அன்று கணபதியின் கையில் இருந்தது கைத்துப்பாக்கி. இன்று ஒரு மடிக்கணினி போதும். அறிஞர் ஆனந்த் தெல்தும்டே 2020 ஏப்ரல் 14-இல், அண்ணலின் பிறந்தநாளில், சிறைக்குப் போனார். திருச்சி மண்ணில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினருக்காக வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி, 84 வயதில், பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5-இல் இறந்தார். கயிறு இல்லாமலும் உயிரை எடுக்க முடியும் என்று அரசு கற்றுக்கொண்டுவிட்டது.

மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை ஒழித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு மலேசியத் தமிழ் இளைஞரை, 43 கிராமுக்கும் குறைவான போதைப்பொருளுக்காகச் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை அந்தக் கயிறு இன்னும் விடவில்லை.

எனவே தோழர்களே, அடுத்த முறை ஒரு கொடுங்குற்றத்துக்குப் பிறகு 'தூக்கில் போடு' என்ற முழக்கம் எழும்போது, நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேர்ந்த கொடுமைக்காகவே எழுந்தாலும், ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் கோபம் நியாயமானது. ஆனால் நாம் கேட்டு வாங்கும் கயிறு கடைசியில் யார் கழுத்துக்கு வரும் என்று வரலாறு சொல்லியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உடனடிக் கைது, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, விரைவான விசாரணை, தப்பவிடாத தண்டனை ஆகியவற்றைக் கேட்போம். தூக்கைக் கேட்க வேண்டாம்.

மே 1 அன்று கொடியேற்றுகிறோம். மூன்று நாள் கழித்து வரும் மே 4-இல், உங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கிள்ளான் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலை வாசியுங்கள். சைக்கிள் கோரிக்கை வரும்போது, உங்கள் ஊரில் இன்னும் யார் யார் இறங்கி நடக்கிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக நடக்கும்.

ஜெய்பீம்.